எந்த உப்பு?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. ஊரில் அதை வேட்டைக்காடு என்பார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் சாமி பேரைச் சொல்லி நாய்களோடு பாரிவேட்டைக்குப் போன இடம் அது. இப்போது வேட்டை கூடாது என்பதால் கம்பை மட்டும் தூக்கிப் போய், கும்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். மான்கள் மட்டும் கருவேலம் புதருக்குள் இன்னும் இருக்கின்றன.

போன கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த பெண்மான் ஒன்றை நாய்கள் குதறிவிட்டன. அது கிடந்த கிடையைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அய்யனாரிடம் போய், "உன் காட்டு சீவனுக்கு நான் தண்ணி வைக்கேன் சாமி, நீ கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய சாமான் கடையில் நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொடுத்தார்கள். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"உப்பு டிரம்ணே. ஓட்டை கிடையாது" என்றார் கடைக்காரர்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உப்பு என்றால் ஆட்டுக்கே நாக்கு நீளும், மானுக்கு நீளாதா? சாமியே பார்த்துக் கொடுத்ததாக நினைத்து, கழுவாமலே கொண்டு போய், குட்டிக்கும் எட்டும்படி மண்ணில் பாதி புதைத்தேன். வண்டியில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று சிரித்தார்.

"வேட்டைக்காட்டுல மானுக்குத் தண்ணியா? கறிக்கொழம்பு என்னைக்குன்னு சொல்லுங்க, வந்துருதேன்."

"நாக்க அடக்குங்கய்யா, இது சாமி காரியம்."

சாயங்காலம் என் மனைவி பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். முகம் கழுவி வந்தவளிடம் நடந்ததையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். உப்பு டிரம் என்றதும் துண்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"எந்த உப்பு?"

"உப்புல என்ன எந்த உப்பு? உப்புதான்."

"ஏங்க, இந்த ஊர்ல இருந்துக்கிட்டா இப்படிப் பேசுறீக? கம்பெனில வெடியுப்பும் உப்புதான், பச்சை உப்பும் உப்புதான். அந்தப் பச்சை உப்பு பார்க்க வெள்ளையாத்தான் இருக்கும், எரிஞ்சாத்தான் பச்சை. வயித்துக்குள்ள போனா அம்புட்டுத்தான். கை கழுவாம தூக்குவாளியத் தொட விடமாட்டாக."

நான் கம்பெனி வாசலை மிதித்ததில்லை. எனக்கு உப்பு என்றால் தூத்துக்குடியிலிருந்து வருவதுதான். வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து அவள் அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நடுநடுவே என்னையும் திட்டினாள்.

பொழுது இறங்கியிருந்தது. புதர் ஓரத்தில் நாலைந்து மான்கள் நின்றன. முன்னால் ஒரு பெண்மான் டிரம்மைப் பார்த்து அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. வேண்டிக் கூப்பிட்டவனே கல்லை எடுத்து எறிந்தேன். "ஏய், போ! போ!" என்று கத்தினேன். மனைவி முந்தானையை வீசிக்கொண்டு ஓடினாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றையும் காணோம்.

குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது. சுற்றிலும் குளம்படி இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆழமாகக் குழி தோண்டி, தண்ணீரையும் நனைந்த மண்ணையும் தள்ளி மூடினோம். "இது கோழிக்குக்கூட ஆகாது" என்று டிரம்மைக் கடப்பாரையால் குத்தி உடைத்தாள்.

பிறகு சிமெண்டுத் தொட்டி வாங்கி, புதுச் சிமெண்டு வாடை போகுமட்டும் ஊறவைத்துக் கழுவி, அதே இடத்தில் வைத்தேன். அணில் வந்தது, மைனா வந்தது, மயில் வந்தது. மான் வரவில்லை. தினமும் ஈரமண்ணில் குளம்படி தேடிவிட்டு வெறுமனே திரும்பினேன்.

"கல்லெறிஞ்சு வெரட்டுனவன் வச்ச தண்ணிய அது எப்படி நம்பும்?" என்றேன்.

"எதுக்கு எறிஞ்சீகன்னு சாமிக்குத் தெரியும்."

"சாமிக்குத் தெரியும். மானுக்குத் தெரியணுமே."



ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி போனில் கூப்பிட்டாள். எங்கள் காட்டை ஒட்டிய ரோட்டில்தான் வேன் போகும். பின்னால் ஒரே பெண்கள் சத்தம்.

"ஏங்க, தொட்டிகிட்ட நிக்குதுங்க!"

"குடிக்குதா?"

"இருங்க. ஏ, சும்மா இருங்கடி, எங்க வீட்டு விருந்தாளி வந்திருக்கு."

"விருந்தாளிக்குக் காப்பி குடுத்தாச்சாக்கா?" என்று யாரோ கேட்க, வேனே சிரித்தது.

"குடிக்குதா இல்லையா, சொல்லு புள்ள."

சிரிப்பு மெல்ல அடங்கியது. டிரைவர் இன்ஜினை அணைத்தது எனக்குக் கேட்டது.

"குனிஞ்சிருச்சு" என்றாள், மூச்சுக்குள்.

தவிட்டுக் கையோடு கும்பிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.