மாத்திரை எதுவும் இல்லை என்றேன்

எங்கள் நாய்க்குப் பதினோரு வயதானபோது முடி கொட்டத் தொடங்கியது. முதலில் இரண்டு விலாப்புறமும், பிறகு வால். தோல் மெலிந்து கறுத்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. ஆழ்வார்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் லிப்டில் அதை ஏற்றினால், மற்றவர்கள் படி வழியாக இறங்கிப் போனார்கள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண் மட்டும்தான் அதைத் தயங்காமல் தொட்டாள். "இன்னா சார், வழுக்கையில உங்களாண்ட போட்டி போட்டுக்கினு கீது?" என்று என் தலையைப் பார்த்துச் சிரிப்பாள். என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து அதன் முதுகில் தேய்த்துவிடுவாள்.

ஏன் முடி கொட்டுகிறது என்று தெரியவில்லை என எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு மழைக்காலத்தில் நாய்க்கு அரிப்பு வந்தது. ஒரு டாக்டர் பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிப்பு நின்றது. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வந்தது. நான் டாக்டரிடம் போகாமல் அதே சீட்டுடன் மருந்துக்கடைக்குப் போனேன். சில தடவைக்குப் பிறகு கடைக்காரர் சீட்டையே கேட்கவில்லை. "அதேதானா சார்?" என்பார். அட்டையை எடுத்து நீட்டுவார். தினமும் காலையில் ஒரு மாத்திரையை இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் தொடரச் சொன்னதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய சீட்டில் மருந்து வாங்காதீர்கள் என்று பக்கத்து வீட்டாரைக் கண்டித்தவனும் நான்தான்.

மயிலாப்பூரில் வேறொரு டாக்டரம்மாவிடம் நாயைத் தனியாக அழைத்துப் போனேன். மனைவிக்கு முட்டிவலி.

"வயசான நாய்க்கு முடி கொட்டினா இதுதான்னு பார்த்ததும் சொல்லிட முடியாது சார்" என்றார். "சொறிப்பூச்சியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம். தைராய்டு, அட்ரினல்ல கட்டி, எதுவும் இருக்கலாம்." பிளேடால் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி இல்லை. நாலைந்து முடியைப் பிடுங்கி எடுத்து வைத்தார். ரத்தம் எடுத்தார். நாய் முனகியது, என் முழங்கையை நக்கியது.

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"ஆமாம்."

"மாத்திரை ஏதாவது குடுக்கறீங்களா? ஸ்டீராய்டு?"

"இல்லை" என்றேன்.

அவர் எழுதாமல் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க, "வேலை செய்யற அம்மா ஏதோ எண்ணெய் தேய்க்கறாங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அதை நிறுத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, எண்ணெய் கூடாதாம் என்றேன். மனைவி அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டுத் தேய்ச்ச?" என்றாள், கேட்டது தன்னையேதான் என்பதை மறந்து. "நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்" என்று அவள் கிண்ணத்துடன் நின்றாள். நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே, சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்காக, மிச்சமிருந்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை நாய் வாந்தியெடுத்தது. எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோவில் கொண்டுபோனோம். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே பேசினார். "இத்தனை நாள் ஸ்டீராய்டை வெளியில இருந்தே குடுத்ததால உடம்பு தானா சுரக்கறதை நிறுத்தியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒரேயடியா நிறுத்தினா தாங்காது. அன்னிக்கே சொல்லியிருந்தா, முடிகூட திரும்ப முளைச்சிருக்கும் சார்."

மதியம் நாய் இறந்தது. வெளியே வந்து, "வயசாயிடுச்சு" என்றேன். "வயசு இல்லீங்க, அந்த எண்ணெய்" என்றாள் மனைவி. நான் மறுக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

பல மாதம் கழித்து அவளைத் தேடிப் போனேன். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருந்தாள்.

"இன்னா சார், வஞ்சிரமா?"

நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் எண்ணெய் இல்லியா?"

"இல்லைம்மா."

"என் கையாலதான் செத்துச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். தெனம்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அம்மாவாண்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"என்னைப் பேசுனது அவங்க. அவங்களாண்ட சொல்லுங்க. இங்க வந்து எங்கிட்ட சொன்னா இன்னா ஆவப்போவுது?" கத்தியை எடுத்துக்கொண்டு என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள். "நீ சொல்லு நைனா, எத்தினி கிலோ?"

நான் விலகி வழிவிட்டேன்.

அது போன மாதம். நேற்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரிடம், வேலைக்காரி எண்ணெய் தேய்த்து நாய் செத்துப்போன கதையை மனைவி விவரமாகச் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.