பேருக்கு ஒரு டிரஸ்டி

காலனியே என்னைப் பைத்தியக்காரி என்கிறது. சொல்லட்டும். தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்காதவளை வேறு என்ன சொல்வார்கள்? தாம்பரத்தில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். இன்றைக்கு ஒரு முதியோர் இல்லத்து மானிய மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவள். அதை நான் மறைப்பதில்லை. காய்கறிக் கடையில் கேட்டாலும் சொல்வேன்.

இல்லம் முடிச்சூரில் இருந்தது. எங்கள் காலனிக்காரர் ஒருவர் டிரஸ்ட் ஆரம்பித்து, அரசு மானியம் வாங்கி நடத்தினார். அவர்தான் செயலாளர். பெரிய வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்த மனுஷன். அதற்குப் பிறகு அவர் நீட்டிய காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் எங்கள் காலனியில் யாருமில்லை. "ஒரு லேடி டிரஸ்டி இருந்தா டிபார்ட்மென்ட்ல மதிப்பா இருக்கும் மேடம். பேருக்குத்தான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்று என்னிடம் வந்தார். பாலை வாங்கிக் குடித்த வாயால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு இல்லம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பாட்டிகளுக்கெல்லாம் ஒரே நிறத்தில் புதுப்புடவை, தாத்தாக்களுக்கு வெள்ளை வேட்டி, இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு. பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

கடைசியாக வந்த அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே பந்தியில் நடந்து வந்தாள். ஒரு கிழவி இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பாயசம் சோக்கா கீதும்மா. நீ மாசாமாசம் வந்தா இன்னா? நீ வந்தாத்தான் எங்களுக்கு வண்டி வருது."

"எங்கேருந்து வண்டி வருது பாட்டி?"

"திருநீர்மலையிலேர்ந்துதான். கோயில் படிக்கட்டாண்ட குந்திகினு இருப்போம், வந்து ஏத்திகினு வருவாங்க. சாயங்காலம் இந்தப் பொடவைய வாங்கிகினு திரும்ப அங்கியே உட்டுடுவாங்க."

செயலாளர், "பாட்டிக்கு ஞாபக மறதி மேடம்" என்று சிரித்தார். பக்கத்து இலைப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு இன்னா மறதி? நானும் மலையிலேர்ந்துதான் வர்றேன்" என்றார். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. உண்மையில் இல்லத்தில் தங்கியிருந்தவர்கள் கணக்கில் காட்டியதில் பாதிகூட இல்லை. மீதிப் பேருக்கு வந்த மானியம் எங்கே போனது என்று கேட்டு விசாரணை வந்தது.

டிரஸ்டிகள் மூன்று பேர்: செயலாளர், பொருளாளர், நான். செயலாளர் வீட்டு மாடியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். சூடாகக் காபி, தட்டில் மிக்சர், நடுவில் ஒரு வக்கீல். அவர் நிதானமாக விளக்கினார். அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் வாங்கினால் டிரஸ்ட் மட்டும் மாட்டாது, டிரஸ்டிகளையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்று வாயால் சொன்னால் போதாது. அதனால் ஒரு தீர்மானம் தயாராக வைத்திருந்தார்கள். வெளியாட்களைக் கூட்டிவந்து கணக்குக் காட்டியது வார்டன், அது எங்கள் காதுக்கு வந்ததும் அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று. விசாரணை வருவதற்கு முன்னாலேயே நீக்கியதாகத் தேதி வேறு.

வார்டன் பக்கத்து கிராமத்துப் பெண். புருஷன் இல்லை. இல்லத்திலேயே தங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டியவள். அந்தத் தீர்மானத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்தால் ஜெயிலுக்குப் போகப்போவது அவள் ஒருத்திதான்.

"மலைக்கு வேனை அனுப்பினது யாரு?" என்று கேட்டேன்.

"அது இப்ப எதுக்கு மேடம்?" என்றார் செயலாளர்.

"அன்னிக்கு இல்லத்து வாசல்ல நின்ன வேன்ல உங்க மச்சான் டிராவல்ஸ் பேரு கொட்டை எழுத்துல இருந்துதே. வார்டன் கூப்பிட்டா உங்க மச்சான் ஓடி வந்துடுவாரா?"

அவர் குரலை இறக்கினார். "மேடம், உங்களுக்குப் பென்ஷன் வருது. தண்டனை கிண்டனைன்னு ஆச்சுன்னா அதுக்கே ஆபத்து. நல்லா யோசிங்க. வெள்ளத்தப்போ உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்தேன்."

எனக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறிவிட்டது. "பால் குடுத்தீங்க, இல்லைங்கலை. அதுக்காக நான் ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பணுமா? என்ன சார் கணக்கு இது?" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன். வக்கீல் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு இறங்கி வந்தேன்.

பெங்களூரிலிருந்து மகன் போன் பண்ணினான். "உனக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை? பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றான். "வைடா போனை" என்றேன்.

மறுநாளே விசாரணை ஆபீசுக்குப் போய் வேனைப் பற்றியும் அந்தத் தீர்மானத்தைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த அதிகாரி, "இது உங்களுக்கும் எதிராப் போகும், தெரியுமில்ல?" என்றார். போகட்டும் சார் என்றேன். போயிற்று. வழக்கில் நாங்கள் மூன்று பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், வார்டன் சாட்சி. பென்ஷன் இப்போதைக்கு வருகிறது. தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. காலனியில் சிலர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். நான் விடுவேனா? "என்ன சார், சௌக்கியமா?" என்று வலியக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

சாட்சி சொல்லச் சம்மன் வந்ததும் வார்டன் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "எனக்காக நீங்க போய் மாட்டிக்கினீங்களேக்கா" என்று அழ ஆரம்பித்தாள்.

"உனக்காகன்னு யார் சொன்னது? பொய்யில என் கையெழுத்து விழாதுன்னேன், அவ்வளவுதான். அழறதை நிறுத்து. கோர்ட்டுல என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லு."

"உங்களப் பத்திக் கேட்டா?"

"என்னைப் பத்தியும்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஆபீசருங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தானேக்கா நீங்க வருவீங்க. வேற ஒரு நாளு சும்மா எட்டிப் பாத்திருந்தாக்கூட காலிக் கட்டிலுங்க தெரிஞ்சிருக்கும். அதையும் சொல்லட்டா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"சொல்லு" என்றேன். "அதை முதல்ல சொல்லு."