ஒரே டேங்கில் இரண்டு மருந்து

அமலாவின் பாதத்தில் செருப்பு வாரின் தடம் பதிந்திருந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். அவளுக்கு இரண்டாவது தடுப்பூசி போட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றினாள். வார் இருந்த இடம் பள்ளமாகவும் இரண்டு பக்கமும் மேடாகவும் இருந்தது. உட்கார வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது மேலே எழும்ப நேரம் ஆயிற்று.

"என்னத்த அப்பிடி அமுக்கி அமுக்கிப் பாக்கறீங்க? தக்காளி பழுத்துடுச்சான்னா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வீங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் யாராவது இருக்கலாம். அவருடைய மாத்திரை டப்பா என்னைப் போன்ற ஓர் அதிமேதாவியின் பொறுப்பில் இருக்கலாம். அந்த அதிமேதாவி படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் தக்காளி போடுகிறவர்கள். அமலாவுக்கு இரத்தக் கொதிப்பு பல வருடமாக இருந்து, கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. ஒரு வருடம் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்தோம். வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்துக்குப் பயணம். பிறகு பரிசோதனையில் என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று தெரிந்தது. கொடுத்தேன்.

ஊரில் ஆச்சரியப்பட்டார்கள். பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுப்பதைத்தான் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் என்னை ஏதோ புனிதரைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்கள். நான் ஒன்றும் தியாகி இல்லை. அவள் இல்லாவிட்டால் என் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், வலது பக்கம் வைத்துத் தைக்கிறார்கள். உள்ளங்கையை வைத்தால் மேடாகத் தெரியும். அதற்கு எங்கள் வீட்டில் "நம்மாளு" என்று பெயர். அவளுக்கு உடம்புக்கு முடியாத நாளில், "நம்மாளு இன்னிக்கி மொரண்டு புடிக்குது. பொறந்த எடத்துப் புத்தி எங்க போவும்?" என்பாள்.

உடல் அதை அந்நியமாக நினைத்து எதிர்க்காமல் இருக்க, எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் உண்டு. காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், ஆயுள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பதினான்கு அறைகள் உள்ள டப்பாவில் பிரித்துப் போடுவேன். அவள் திறந்து விழுங்குவாள். எண்ணிப் பார்க்க மாட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் கொரோனா வந்தது.

எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கும் உடம்பு. சாதாரணச் சளியே அவளை ஒரு வாரம் படுக்க வைக்கும். நானோ தினமும் மார்க்கெட்டுக்குப் போய் நூறு பேர் மூச்சுக்கு நடுவில் நின்று வருகிறவன். போகாமல் இருக்கவும் முடியாது, பழம் காத்திருக்காது. அதனால் மூன்று மாதம் மோட்டார் கொட்டகையிலேயே தங்கினேன். அவள் சாப்பாட்டைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு இருபதடி தள்ளி நின்று, "கொழம்பு எப்பிடி இருக்குது?" என்று கத்துவாள். நான் கத்திப் பதில் சொல்வேன். எங்கள் சமையல் விவகாரமெல்லாம் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குத் தெரிந்துபோனது. கல்யாணமான புதிதில்கூட நான் அவளுக்காக அவ்வளவு ஏங்கியதில்லை.

தடுப்பூசி வந்ததும் ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் சிறுநீரக மருத்துவருக்குப் போன் செய்தேன். "அவங்களுக்குக் கண்டிப்பா போடணும். நீங்களும் போடுங்க. அவங்க ஒடம்புல ஊசி முழுசா வேல செய்யாமப் போகலாம். அதனால நீங்க போடறதும் அவங்களுக்குத்தான் பாதுகாப்பு" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது?

எனக்குத் தெரிந்தது இதுதான். தக்காளிக்கு அடிக்கும் மருந்தில், சேரக்கூடாத இரண்டை ஒரே டேங்கில் கலந்தால் இலை கருகும். ஒரு வருடம் அவசரத்தில் பூஞ்சாண மருந்தையும் பூச்சி மருந்தையும் ஒன்றாக ஊற்றி அடித்தேன். மூன்றாம் நாள் அரை ஏக்கர் தீய்ந்துபோய் நின்றது. அதிலிருந்து ஒன்றை அடித்தால், இடைவெளி விட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். தடுப்பூசி, எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்து. இவள் மாத்திரை, எதிர்ப்பை அடக்குகிற மருந்து. இரண்டையும் ஓர் உடம்புக்குள் ஊற்றுவதா? டேங்கையே கழுவிவிட்டுத்தானே அடுத்த மருந்தை ஊற்றுவோம்?

பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் முதல் ஊசி. அந்த வாரம் டப்பாவை நிரப்பும்போது, எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை மட்டும் ஊசிக்கு முந்தின நாளும் ஊசி அன்றும் எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. லேசான காய்ச்சல், கை வலி, அவ்வளவுதான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது ஊசிக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள் என்று நிறுத்தினேன். பயிருக்கு விடுகிற இடைவெளி அதுதான்.

அந்த முறை அமலா கவனித்துவிட்டாள். "ஏங்க, இதுல ரெண்டு மாத்தரயக் காணமே?"

"ஊசிக்காவ நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்று நானும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களில் ஆகச் சின்னது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

கால் வீங்கிய மறுநாள் சேலத்துக்குப் போனோம். நடைபாதையில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் குறுக்குக் கோடு போட்டு, உட்காரக் கூடாது என்று ஒட்டியிருந்தார்கள். அந்தக் கோடு போட்ட நாற்காலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வயிற்றின் வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்றேன். "வலி இல்லீங்க, கனமா இருக்குது" என்றாள்.

இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, அது இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள்) இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மாத்திரைய ஏதாச்சும் விட்டீங்களா அமலா?"

அமலா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னது யாருமில்லை என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. மருத்துவர் பக்கம் திரும்பி, "நாந்தாங்க டாக்டரம்மா மறந்துட்டேன். ஊசி போட்ட காய்ச்சல்ல ஒண்ணும் தோணல" என்றாள்.

அவள் எனக்காக எத்தனையோ செய்திருக்கிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அவ மறக்கலீங்க. நான் எடுத்துட்டேன். மொத ஊசிக்கும் எடுத்தேன்" என்றேன். டேங்க் கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கே கேட்டது.

மருத்துவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சில நோய்க்கு ஊசி சமயத்துல மாத்திரைய நாங்களே கொஞ்ச நாள் நிறுத்தறதுண்டு. நீங்க யோசிச்சதுல பாதி சரிதான். ஆனா கிட்னி வெச்சவங்களுக்கு அது கூடவே கூடாது. அந்த மீதிப் பாதிக்குத்தான் நான் இருக்கேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்றார்.

பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதையை எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். ஆரம்ப நிலை நிராகரிப்பு. உடல் விழித்துக்கொண்டு என் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் நரம்பு வழியாக அதிக அளவில் ஸ்டீராய்டு (உடலின் தாக்குதலை வேகமாக அடக்கும் மருந்து) ஏற்ற வேண்டும், பலன் தெரிய நாள் பிடிக்கும் என்றார்கள். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம் என்பதை அவர்கள் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன். கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை.

அந்த மூன்று நாளில் முதல் நாள் அவள் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது. நான் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணியைக்கூட உருட்டாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் காலை திரும்பிப் படுத்தாள்.

"குடுத்ததத் திருப்பி வாங்கிக்கலாம்னு பாத்தீங்களா?"

"என்ன மன்னிச்சுரு அமலா."

"மன்னிக்கறது கெடக்குது. எங்கிட்டப் பொய் சொன்னீங்க பாருங்க, அதாங்க எனக்கு. நானு கேட்டேன் இல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். நான் குழந்தையைப் போல அழுதேன். பக்கத்துப் படுக்கை அம்மாள் திரையை இழுத்து விட்டார்.

ஐந்தாம் நாளிலிருந்து சிறுநீர் கூடியது. எட்டாம் நாள் கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியது. ஆனால் பழைய எண்ணுக்கு அது திரும்பவே இல்லை. கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கொஞ்சம் நான் செய்தது. எத்தனை வருட ஆயுளை அது குறைத்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படிக் கணக்குப் போட முடியாது என்றார். நான் இன்னமும் மனதுக்குள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அமலா செய்த முதல் வேலை, மாத்திரை டப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தன் பீரோவில் வைத்ததுதான்.

பூஸ்டர் (முதல் இரண்டு ஊசியின் பலன் குறையும்போது போடும் கூடுதல் ஊசி) வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. போடலாம் என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கம்முனு உக்காருங்க" என்று அவளே மருத்துவருக்குப் போன் போட்டு, நான் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். "பூஸ்டர் போட்டுக்கறேங்க டாக்டரம்மா. மாத்தரய என்னா செய்யட்டும்?"

"ஒரு வேள கூட விடக் கூடாது. பக்கத்துல அவர் இருக்காரா?"

"இருக்காருங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது ஒன்பது மணி ஆயிற்று. அவள் போனிலும் என் போனிலும் அலாரம் ஒன்றாக அலறியது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, முதலில் எனக்குக் காட்டினாள். நான் எண்ணினேன். சரியாக இருந்தது. முகக்கவசத்தை இறக்கி விழுங்கினாள்.

"எந்தக் கையிலம்மா போடட்டும்?" என்று செவிலியர் கேட்டார்.

"எடது கையில போடுங்க. வலது பக்கம் இவரு இருக்காரு. ஊசின்னா பயந்துக்குவாரு."

செவிலியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வலது பக்கத்தில் நிற்கவும் இல்லை, இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் மட்டும் சிரித்தாள்.

அந்த ஊசிக்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் எண் நகரவில்லை. அடுத்த மாதமும் நகரவில்லை.

இப்போதெல்லாம் எனக்கு நாள் என்பது இரண்டு ஒன்பது மணிகள்தான். விதைப்பு, அறுப்பு, பெருநாள், தவக்காலம் எல்லாம் அவற்றுக்கு நடுவில் வந்து போகின்றன. காலையில் தக்காளிக் காட்டில் ஸ்பிரேயரில் மருந்து கலக்கிக்கொண்டிருப்பேன். அலாரம் அடிக்கும். குச்சியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். சற்று நேரத்தில் அவள் கூப்பிடுவாள். "போட்டாச்சுங்க" என்று ஒரு வார்த்தை, வைத்துவிடுவாள்.

அந்தச் சற்று நேரத்தில் என் கை தானாக என் இடது விலாவுக்குக் கீழே, தழும்பு இருக்கிற இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. நம்மாளு ஒரு கிலோமீட்டர் தள்ளி, வீட்டில், தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டிருக்கிறது.