கிராத்தான் சமைத்த அக்கா

இன்று இங்கே வளைகுடாவில், முவைலா போகும் பேருந்தில் பிரெஞ்சுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். கிரெனோபிள் என்ற மலைநகரத்தில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய உணவுகள் பற்றிய பக்கம்.

பக்கத்தில் இருந்த மலையகத்து அக்கா ஒரு படத்தைத் தொட்டார்.

"இது கிராத்தான். கிழங்கு, பாலு, பூண்டு."

என் ஆசிரியையைவிட நன்றாக உச்சரித்தார்.

"அங்க போயிருக்கீங்களாக்கா?"

"நான் எங்க போறது புள்ள? இங்க பிரெஞ்சுக்காரங்க வீட்ல வேல பாத்தேன். நான் தூக்கி வளத்த பையனோட போன மாசம் அவங்க நீ படிக்கிற இந்த ஊருக்கே போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"மேடத்துக்குத் தெரியாம இதுல கறிவேப்பிலை போடுவேன். அது இல்லாட்டி தட்டத் தள்ளிருவான். இப்ப ஏன் சாப்பிட மாட்டேங்குறான்னு அவங்களுக்குப் புரியாது."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

கிரெனோபிளில் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்? என் பாடப்புத்தகத்தில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.