ஜாம் போட்ட கோழி

சீருடைச் சட்டையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று கோழித் தொடைகளைத் தாளில் ஒற்றிக்கொண்டிருக்கிறார் டிரைவர். ஈரத்தோடு போட்டால் சாறு நீர்த்துப்போகும் என்பது அவர் கட்சி. தோலை உரித்து, கண்ணில் படுகிற கொழுப்பையெல்லாம் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கிறார். அது உங்கள் மனைவியின் தையல் கத்தரியாயிற்றே என்றேன். "உஷ், சிஸ்டரம்மா! அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கழுவி வெச்சிடுவேன்" என்றார்.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, நடக்கவைப்பது, ஊட்டுவது என் வேலை. கடைசி வேலை மட்டும் சில மாதங்களாக நடக்கவில்லை. பெரியவருக்கு நினைவு கழன்றுகொண்டிருக்கிறது. வாயில் வைத்ததை என்ன செய்வது என்று மறந்து, கன்னத்தில் அடக்கிக்கொள்வார். காறித் துப்புவதும் உண்டு. இளைத்துப்போனதில் கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை.

டிரைவர் சமைப்பது ஸ்லோ குக்கரில், மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கிற சட்டி அது. கனமான பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. அடியில் வெங்காயம், அதன்மேல் கோழி, அதன்மேல் சோயா சாஸ், கொஞ்சம் வினிகர், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள். பிறகு ஆரஞ்சு ஜாம் பாட்டிலைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டு வழித்துப் போடுகிறார். முதல் நாள் பார்த்தபோது நானே முகம் சுளித்தேன்.

"கோழியில ஜாமா தம்பி?"

"மாமா நாக்குல இப்ப இனிப்பு ஒண்ணுதான் நிக்குது சிஸ்டரம்மா. அது முன்னால ஏறட்டும். அது பின்னாடியே உப்பையும் கறியையும் டிக்கெட் இல்லாம ஏத்திவிட்டுடலாம்."

அவர் சொன்னது சரி. மற்ற ருசிகள் போன பிறகும் இனிப்பு தங்கும் என்று எங்களுக்கும் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். ஆனால் கோழிக்கறியில் ஜாம் போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் சமைக்கும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

சமையலில் அவருக்குப் பொறுமை கிடையாது. நின்று கிளறுகிற எதையும் கருக்கிவிடுவார். காலையில் போட்டுவிட்டு மாலையில் திறக்கிற இந்தச் சட்டி ஒன்றுதான் அவருக்குப் பழகியது. நாள் முழுக்க வெந்த தொடைக்கறி விரல் பட்டாலே நார் நாராகப் பிரியும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

மாமனார் அவரை "கண்டக்டர்" என்பார்.

"டிரைவர், மாமா."

"சரி கண்டக்டர்."

மகளைக் கட்டிக்கொடுத்த ஆள் என்பது மறந்துவிட்டது. பஸ்ஸில் ஏதோ வேலை என்பது மட்டும் மிச்சம். டிரைவர் தினமும் திருத்துவார். கோபத்தில் அல்ல, ஒருநாள் திருந்திவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார்.

பெரியவருக்கு ஒரு மகன் வேறு ஊரில் இருக்கிறார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னது அந்த மகனுக்குப் பிடித்துப்போனது. "எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை ஸ்பூனோட மல்லுக்கட்டுவீங்க? ட்யூப் போட்டா ஒரே வேலையா முடியும்" என்று போனில் கத்துவார். அவர் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருந்து கவலைப்படுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நானே நிறையப் பேருக்குக் குழாய் போட்டிருக்கிறேன். தேவைப்பட்டால் இவருக்கும் போடுவேன். ஆனால் இவர் வாழ்நாள் முழுக்கக் கட்டடங்களுக்கு வயர் இழுத்தவர். எதைக் கண்டாலும் அது எங்கே போகிறது என்று பிடித்து இழுத்துப் பார்ப்பார். மூக்கில் இருக்கும் குழாயை மட்டும் விட்டுவைப்பாரா? கைகளைக் கட்டிலோடு கட்ட வேண்டியிருக்கும். டிரைவருக்கு அதை விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்துதான் ஜாம் பாட்டில்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன.

மகன் நேரில் வந்து முடிவு செய்வதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் ஒரு கூத்து நடந்தது.

ஆள் இல்லாத இடத்தில் எதுவும் எரியக் கூடாது என்பது பெரியவரின் சட்டம். வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பார். நான் தடுப்பதில்லை, அது அவருக்கு நடைப்பயிற்சி. பின்னாலேயே போய்த் திரும்பப் போட்டுவிடுவேன். டிரைவருக்கு அது போதவில்லை. அன்று என்னிடமும் சொல்லாமல் குக்கரைப் படுக்கையறையில் துணி ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து, நீள வயர் ஒன்றைப் பாய்க்கு அடியில் விட்டு, கூடத்துப் பிளக்கில் சொருகிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வயர்மேனிடமிருந்து வயரை ஒளித்திருக்கிறார்!

பெரியவரின் கால் பாயில் ஒரு மேட்டை உணர்ந்திருக்க வேண்டும். நான் அவருடைய விரிப்புகளை அலசிப் போட்டுவிட்டு வந்தபோது பாய் சுருட்டப்பட்டிருந்தது. வயர் வட்ட வட்டமாகச் சுற்றிக் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. பழைய வயர்தான் போலிருக்கிறது, அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று நான் இருந்துவிட்டேன்.

மாலையில் டிரைவர் மூடியைத் திறந்தார். சட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கறி உள்ளே இளஞ்சிவப்பாகவே கிடந்தது.

"ஒரு கொதி விட்டா சரியாயிடும்ல?"

"ஆகாது. பகல் முழுக்க அரைச்சூட்டில கிடந்த கறி. நீங்க சாப்பிட்டா வயித்தக் கலக்கும். அவர் சாப்பிட்டா ஆஸ்பத்திரிதான். கொட்டுங்க."

கொட்டினார். பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவனோ ஆன் பண்ணிட்டே போயிட்டான். நான் பாக்கலைன்னா வீடே எரிஞ்சிருக்கும்."

"நல்லவேளை பாத்தீங்க மாமா" என்றார் டிரைவர். வேலையிலிருந்து வந்து நின்ற மனைவியின் முகத்தை மட்டும் பார்க்காமல் குளியலறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் பெரியவரின் மகள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தாள். நான் மருந்து வாங்கக் கிளம்பினேன். மருந்துக்கடை ஒரு பக்கம், பேருந்துப் பணிமனை இன்னொரு பக்கம். இருந்தாலும் பணிமனை வழியாகத்தான் போனேன். காலையில் டிரைவர் குக்கரைத் துண்டில் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு எப்படி நேராகப் போவது?

ஓய்வறையில் தண்ணீர் கெட்டிலுக்கும் சார்ஜ் ஏறுகிற போன்களுக்கும் நடுவில் குக்கர் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மூடியில் ஆவி பூத்திருந்தது. பெஞ்சில் படுத்திருந்த ஒருவர் முகத்துத் துண்டை விலக்கிக் கேட்டார்: "யாரும்மா நீங்க, சமையல் இன்ஸ்பெக்டரா?"

"வாசனை பாக்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. பாக்கத்தான் விடுவான். மூடியத் தொட்டா கைய ஒடிப்பேன்னுட்டுப் போயிருக்கான்."

நேரக் கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒவ்வொரு ட்ரிப்பு முடிஞ்சும் ஓடி வந்து அந்தச் செவப்பு லைட்டப் பாத்துட்டு ஓடுறான். சொந்தப் புள்ளைய ஸ்கூல்ல சேத்தப்பக்கூட இப்படித் தவிக்கல அந்தாளு."

மாலையில் டிரைவர் வீட்டுக்கு வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில், குக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "பிரேக்க மெல்லப் போடுடா, சாறு ஆடுது" என்று வழியெல்லாம் கத்தினாராம். "நீ ஓட்டுறப்ப நாங்கல்லாம் ஆடலையா?" என்று பதில் வந்ததாம். இதை அவரே சிரிக்காமல் சொன்னார்.

சமையல் மேடையில் மிச்ச வேலை நடந்தது. கறியைத் தட்டில் எடுத்து, இரண்டு முள்கரண்டிகளால் பிரித்தார். எலும்பு, குருத்தெலும்பு ஏதும் தங்கியிருக்கிறதா என்று நான் விரலால் துழாவிப் பார்த்தேன். சாற்றை வேறு பாத்திரத்தில் வடித்து, சோளமாவு கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தார். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கரண்டியிலிருந்து சோம்பலாக வழிய வேண்டும். வழிந்தது. நக்கிப் பார்த்தேன். இனிப்பு, உடனே உப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. நன்றாகவே இருந்தது.

மகன் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடித்தபடியே இருந்தார்.

"டாக்டர்கிட்ட நாளைக்குக் காலைல கூட்டிட்டு வர்றோம்னு சொல்லிட்டேன் மாப்பிள்ளை."

"சரி மச்சான். இப்ப சாப்பிடலாம்."

"அவரு எங்க சாப்பிடுறாரு?"

"அண்ணே, கொஞ்சம் பேசாம இரேன்" என்றாள் தங்கை.

டிவியை நிறுத்தினோம். டிரைவர் மாமனாரின் எதிரே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தார். சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கறி, மேலே சாறு. பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது.

"பாத்தீங்களா, அப்படியே வெச்சிருக்..."

நான் கையை உயர்த்தினேன். மகன் நிறுத்திக்கொண்டார். பெரியவரின் தாடை ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை. நாக்கு எதையோ தேடிப் பிடித்ததுபோல் மெல்ல ஆரம்பித்தார். விழுங்கினார். இரண்டாவது ஸ்பூன் அருகில் வருமுன்பே வாய் திறந்திருந்தது.

தட்டு பாதிக்கு வந்தபோது மகன் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு வேணாம்னு டாக்டருக்குச் சொல்லிடட்டுமா?"

டிரைவர் திரும்பவில்லை. காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. பெரியவர் மோவாயைத் தாழ்த்தி விழுங்கினார்; கூடவே டிரைவரும் மோவாயைத் தாழ்த்தினார். வெறும் வாயோடு, தொண்டை ஏறி இறங்க, அவரும் விழுங்கினார்.