போர்டில் தொங்கிய பாஸ்வேர்டு

சிவப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ் அது. என் மேசைமேல் வைத்ததை மேடம் மறுபடியும் கையில் எடுத்துக்கொண்ட அந்த நிமிஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருப்பதியில் யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நகரியில் தறி ஓட்டியவன். ஒற்றை மெஷினோடு வந்து ஆறாக்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை. எத்தனையோ பெரிய படிப்புகள் என் கடையில் பைண்டிங் ஆகித்தான் வெளியே போயிருக்கின்றன. எதிரே யுனிவர்சிட்டியில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்ற பாடத்தை முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு எடுத்தவர் மேடம். பரீட்சை வினாத்தாளை என்னை நம்பித்தான் அச்சடிக்கக் கொடுப்பார். அதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று கடையில் நெரிசல். வினாத்தாள் இருந்த பென்டிரைவை மேடம் அப்போதுதான் என் மேசைமேல் வைத்திருந்தார். என் கடைக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு அதன் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. சுற்றிலும் தெலுங்கு பேசும் பிள்ளைகள். மேடமும் என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார். தமிழில் சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது என்று வாசலிலிருந்தே கத்தினேன்: "எங்க நைனா பேரு போடும்மா, பக்கத்துல கடை தொறந்த வருசம்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவை நாங்கள் கூப்பிடும் நைனாவும், பேரும் தெலுங்கிலும் அதேதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மேடம் முதல் தடவையாகத் தமிழில் பேசினார். "அண்ணா, நான் சித்தூரு. இந்தப் பசங்கள்ல பாதி எங்க ஊர்ப்பக்கம், தமிழ் நல்லாத் தெரியும். உங்க நைனா பேரும் வருசமும் வெளிய போர்டுலயே கீதே!" பென்டிரைவ் அவர் கைக்குப் போய்விட்டது.

"மேடம், இந்த வேலை வேற கடைக்குப் போச்சுன்னா நான் எப்டி இங்க தல நிமுந்து குந்துவேன்?"

"நாளைக்கு என் கிளாஸுக்கு வாங்கண்ணா. அப்புறம் சொல்றேன்."

சலவை வேட்டியோடு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயர் சொல்லாமல் ஒரு கடைக்காரர் கதையை மேடம் சொல்ல, வகுப்பே சிரித்தது. என் கதை யாரோ ஒருவர் கதையாகப் போக எனக்கு மனசில்லை. எழுந்து நின்று, அந்த ஆள் நான்தான் என்று தெலுங்கிலேயே சொன்னேன். சிரிப்பு நின்று கைதட்டல் வந்தது.

வெளியே வந்ததும் மேடம் பென்டிரைவை என் கையில் வைத்தார். "பெருமை பேசுங்கண்ணா, வேணாங்கல. பேசற பெருமையில பாஸ்வேர்டு இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

மேடம் ரிட்டயராகிச் சித்தூர் போய்விட்டார். இப்போது அந்தப் பாடத்தை எடுக்கிற சாரின் பென்டிரைவில் நீலக் கயிறு. வருவதென்னவோ என் மேசைக்குத்தான். பாஸ்வேர்டை நானே அடிக்கிறேன். போர்டை மாற்றவில்லை. நகரி, தறி, ஆறு மெஷின், நைனா என்று இங்கே எல்லாப் பெருமையையும் எழுதிவிட்டேன். இதில் எதைப் போட்டாலும் என் கம்ப்யூட்டர் திறக்காது.