முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் கட்டுவார்

பிளெக்ஸைச் சாலையோரம் விரித்ததும் சுயம்புராஜ் முதலில் தோள்துண்டை எடுப்பார். படத்தில் இருப்பவரின் நெற்றி, கன்னம், மோவாய் என்று ஒருமுறை துடைத்துவிடுவார். கல்யாண பிளெக்ஸ் என்றால் பெண்ணுக்கு முதலில், பையனுக்கு மிச்சம்தான். கட்சிக்காரர்களுக்குத் துடைப்பு கிடையாது. “அவனுவ மூஞ்சிய மழை பாத்துக்கிடும்” என்பார்.

துடைத்து முடித்தபின் கத்தியால் அங்கங்கே அரைவட்டமாகக் கீறுவார். காற்று புகுந்து வெளியேறுவதற்கு வழி. நாகர்கோவிலுக்குள் என்றால் நாலைந்து கீறல் போதும். கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் கட்டுவதென்றால் இரட்டிப்பாகும். எத்தனை கீறினாலும் ஒன்றுகூட முகத்தில் விழாது.

அப்புறம் ஏணி. அதைப் பிடிக்க வேண்டியவன் பிளெக்ஸ் கடைக்காரன் ஜெபிஷ். ஒரு கையில் ஏணி, மறு கையில் போன் என்று நிற்பான். மேலேயிருந்து நிமிடத்துக்கொரு கேள்வி வரும்.

“மக்கா, புடிச்சிருக்கியா?”

“புடிச்சிருக்கேன் அண்ணாச்சி.”

“ஏணியவா, போனையா?”

அந்தக் கடைக்கு மேலே உள்ள அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சுயம்புராஜ் என்னிடம் வந்தார். “தம்பி, நீ கவித படிக்குத ஆளுல்லா? செத்தவருக்கு நாலு வரி சொல்லேன்.” யோசித்துச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல செத்தது யாருன்னு தெரியல்லியே” என்றார். ஜெபிஷ் வழக்கமாகப் போடும் நாலு வரிதான் அன்றும் போயிற்று.

ஊரை அவர் கயிறு கட்டும் இடங்களாகவே மனதில் வைத்திருக்கிறார். இந்தச் சந்திப்பில் மரம் போய் சிக்னல் கம்பம் வந்துவிட்டது, வழுக்குகிறது. அந்த வளைவில் கடைகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தியதில், எதிர்ப்பக்கம் வரை கயிறு எட்டுவதில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் பற்றிக் கேட்டால், “இம்புட்டுப் பெருசா தூண் வச்சிருக்கான், ஒரு கயித்தச் சுத்த முடியுமா?” என்பதுதான் பதில். இதில் வருத்தமெல்லாம் இல்லை. புதிதாக எழும்பும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் திறப்புவிழா உண்டு, திறப்புவிழாவுக்கு பிளெக்ஸ் உண்டு.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு படக்குழு வந்தது. வேகமாக மாறிக்கொண்டிருக்கும் ஊரில், ஒருவரையொருவர் அறியாத ஏழெட்டுப் பேரின் வாழ்க்கை உரசிப்போகிற கதையாம். அவர்கள் எல்லோரும் கடந்துபோகும் சந்திப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வேண்டும். நடிகரின் முகம் கூடாது, ஊர் முகம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த உதவி இயக்குநர், கடை வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த சுயம்புராஜைப் பார்த்தார். அங்கேயே படம் எடுத்தார். மறுநாள் பிளெக்ஸ் தயாரானது. முகம் சுயம்புராஜ், பெயர் இஸ்ரவேல், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சுயம்புராஜ் அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் வெளியே வராதவர். படத்துக்காக அதை அழிக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிளெக்ஸை விரித்துத் தன் முகத்தைத் தானே துடைத்துவிட்டு, “உசிரோட இருக்கும்போது மாறல்ல. செத்தப்பொறவு வேதக்காரனாக்கிட்டானுவ” என்றார்.

“வாங்க அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாப்போம்” என்றான் ஜெபிஷ். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். சுயம்புராஜ் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், பிந்து. தக்கலையில் போன் கடை வைத்திருக்கும் ஆன்ஸ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஆறு வருடமாகிறது. அவன் கிறிஸ்தவன். அவள் போன மறுநாள் ஜெபிஷ் கடையில் அவள் படத்தைப் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து, தன் தெருமுனையில் தன் கையாலேயே கட்டினார் சுயம்புராஜ், உயிரோடிருக்கும் மகளுக்கு. அதில் கீறல் போடவில்லை. விடிவதற்குள் காற்று கிழித்துவிட்டது, முகத்துக்குக் குறுக்காக. இதை அவரே என்னிடம் சொன்னார். “எத்தனையோ கெட்டிருக்கேன் தம்பி. கீற மறந்தது அது ஒண்ணுதான்.”

படப்பிடிப்பு முடிந்ததும் இஸ்ரவேலைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தக்கலையில், மகளும் மருமகனும் இருக்கும் கடைக்கு எதிரே கட்டிவிட்டு வந்தார்.

கேள்விப்பட்ட ஜெபிஷ் தலையில் கைவைத்தான். “அண்ணாச்சி, அவ பாத்தா பயந்துர மாட்டாளா?”

“பேரு வேறல்லா. மூலையில சினிமாவுக்குன்னு எழுதியும் வச்சேன்.”

“பொறவு எதுக்கு?”

“நான் அவளுக்கு ஒண்ணு கெட்டினேன். எனக்கும் ஒண்ணு அவ வாசல்ல கெடக்கட்டு.” கயிற்றைத் திரித்துக்கொண்டே சொன்னார். “பாத்துட்டு ஏசுகதுக்காவது வருவால்லா.”

மறுநாள் போய்ப் பார்த்தபோது பிளெக்ஸ் இல்லை. கம்பங்களில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, எங்கும் அறுபடாமல். “வேற எவனாவது எடுத்தா பிளேடு போட்டிருப்பான். இது அவுத்திருக்கு” என்றார். அவர் போடும் முடிச்சில் எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று தெரிந்த இன்னொரு ஆள் பிந்துதான். சின்ன வயதில் அவர் கூடவே நின்று பழகியவள். அந்தக் கயிற்றை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை. அதன்பிறகு போன் அடித்தால் கையைத் துடைத்துவிட்டு எடுப்பார். பெயரைப் பார்த்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். மழைக்காலம் முடிந்தது. பிந்து வரவில்லை.

இந்த வருடம் படம் வெளியானது. தியேட்டர் வாசலில் அதன் பெரிய பிளெக்ஸைக் கட்டியதும் அவர்தான். உள்ளே போகவில்லை. “நான் செத்துக் கெடக்கத நானே காசு குடுத்துப் பாக்கணுமா?” என்று கேட்டார். ஆனால் அந்த நாளைப் பற்றி ஒரு விஷயத்தை அடிக்கடி சொல்வார். “அண்ணைக்கு ஏணி ஒரு பொட்டு ஆடல்ல, கேட்டியா. ஜெபிஷ் பய மொத தடவையா ஒழுங்காப் புடிச்சான்.” இப்போதும் ஏணி ஆடினால், “தியேட்டர் வாசல்ல புடிச்சியே, அதுமாதிரி புடிலே” என்றுதான் ஏசுகிறார். ஜெபிஷ் எதிர்த்துப் பேசுவதில்லை.

போன வாரம் ஜெபிஷ் படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டானாம். திரும்பி வரும்போது, படம் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து விலகி, பிந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் சேலையைப் பற்றியபடி ஒரு சின்னப் பையன். கடைசி முடிச்சு வரைக்கும் நின்றுவிட்டு, அவர் இறங்குமுன் உள்ளே போய்விட்டாள். நடுவில் ஒருமுறை, மேலேயிருந்து வழக்கமான கேள்வி வந்தது.

“மக்கா, புடிச்சிருக்கியா?”

அவள் ஒரு கையை மட்டும் எடுத்து, ஜெபிஷைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். டீக்கடைப் பக்கமிருந்து அவன்தான் சத்தமாகச் சொன்னான்.

“புடிச்சிருக்கேன் அண்ணாச்சி.”